பாக்கெட் ஸ்கெட்ச் புக்கிற்கு எந்தப் பேனா, எந்தப் பென்சில்?

ஸ்கேனருக்குப் பிடித்த கோடு எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பெயிண்ட் புரோகிராமைத் திறந்து பார்த்துவிடுகிறார்கள். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடு, இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன். அதற்குள் மணிக்கட்டு வலித்துவிடும். பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. மவுஸ் என்பது சுட்டிக் காட்டவும் கிளிக் செய்யவும் வந்த கருவி. அதை வைத்து வளைந்த கோடு போடுவது, சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது போலத்தான். கிராபிக்ஸ் டேப்லெட் வாங்கலாம். ஆனால் அது இன்னொரு செலவு, பழகவும் நாளாகும்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் ஒரு சிறிய ஸ்கெட்ச் புக். பார்த்த இடத்தில் நின்றபடியே வரையுங்கள். வீட்டுக்கு வந்து ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். சுத்தம் செய்வது, வண்ணம் கொடுப்பது, பிரிண்ட் எடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் வீட்டில் இந்த வேலையை அதிகம் செய்பவர் என் அம்மா. மார்கழியில் பக்கத்துத் தெருக்களில் பார்க்கும் கோலங்களை, யாராவது மிதித்து அழியும் முன் குறித்துக்கொள்வார். உங்கள் வீட்டில் அது குழந்தை வரையும் பஸ்ஸாக இருக்கலாம், கோயில் தூணில் உள்ள யாளியாக இருக்கலாம், கட்டப்போகும் வீட்டின் பிளானாக இருக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் பேனா. கைக்குக் கிடைத்த பேனாவால் வரைந்துவிட்டு, ஸ்கேன் செய்த படம் மங்கலாக இருக்கிறது என்று ஸ்கேனரைத் திட்டுகிறோம். பேனாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

எந்தப் பேனாவை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. கோட்டின் அகலம் என்ன? ஸ்கேனருக்கு மிக மெல்லிய கோடும் ஆகாது, சின்னப் புத்தகத்திற்கு மிகத் தடித்த கோடும் ஆகாது.

2. கருப்பு எவ்வளவு கருப்பு? கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவது கம்ப்யூட்டருக்குச் சாம்பல் நிறமாக இருக்கலாம்.

3. தேய்த்தால், நனைந்தால் என்ன ஆகும்? பாக்கெட்டில் வைக்கும் புத்தகத்தில் வியர்வை படும், மழை படும், பக்கத்தோடு பக்கம் உரசும்.

4. இருபது வருடம் கழித்து அந்தக் கோடு இருக்குமா? நாம் பெரும்பாலும் கேட்காத கேள்வி இதுதான். ஆனால் முக்கியமானதும் இதுதான்.

கோட்டைப் பிக்சலில் கணக்கிடுவோம்

ஸ்கேனர் படத்தைப் புள்ளி புள்ளியாகப் படிக்கிறது. 300 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல்கள் கிடைக்கும். இப்போது பேனாவின் கோட்டைப் பிக்சலாக மாற்றிப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் கோடு 300 டிபிஐயில் 3 பிக்சல் அகலம். 0.45 மில்லிமீட்டர் கோடு 5 பிக்சலுக்குச் சற்று அதிகம். அதே 0.25 கோட்டை 150 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒன்றரை பிக்சல்தான் வரும்.

பிக்சலில் ஒன்றரை என்று கிடையாது. ஒரு பிக்சல் கருப்பாகவும், பக்கத்துப் பிக்சல் பாதிச் சாம்பலாகவும் பதிவாகும். கோடு அங்கங்கே விட்டுப்போனது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். என் அனுபவத்தில் கோட்டிற்குக் குறைந்தது 3 பிக்சலாவது இருக்க வேண்டும். 4 அல்லது 5 இருந்தால் பிறகு வண்ணம் நிரப்பும்போது பிரச்னையே வராது.

அதற்காக 1 மில்லிமீட்டர் தடிமனில் வரையவும் முடியாது. பாக்கெட் புத்தகம் பொதுவாக ஏ6 அளவு, அதாவது 105 x 148 மில்லிமீட்டர். அந்தச் சின்னப் பக்கத்தில் தடித்த கோடு போட்டால் முகத்தில் கண்ணும் புருவமும் ஒன்றாகிவிடும். 0.3 முதல் 0.5 வரை உள்ள கோடுதான் இந்த அளவுக்குப் பொருத்தம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரப் பென்சில்

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அல்ல. கிராபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி அது. இந்தக் கலவை முறைக்கு பிரான்சைச் சேர்ந்த நிக்கோலஸ் ஜாக் கான்டே 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் அதிகமானால் பென்சில் கடினமாகும். அது எச் வரிசை. கிராபைட் அதிகமானால் மிருதுவாகவும் கருப்பாகவும் எழுதும். அது பி வரிசை. நடுவில் இருப்பது எச்பி.

பாக்கெட் புத்தகத்திற்கு எச்பி அல்லது 2பி போதும். 2எச் போன்றவை சாம்பல் நிறக் கோடாக விழும், ஸ்கேனரில் மங்கிவிடும். 6பி கருப்பாக இருக்கும். ஆனால் பாக்கெட்டில் வைத்து நடக்கும்போது எதிர்ப் பக்கம் முழுவதும் அப்பிக்கொள்ளும். நடராஜ், அப்சரா, கேம்லின் என்று எந்தக் கடையிலும் கிடைக்கும் பென்சில்களே போதுமானவை. இம்போர்ட்டட் தேடி அலைய வேண்டாம்.

பென்சிலின் பெரிய பலம் அதன் ஆயுள். கிராபைட் என்பது கார்பன். வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது. பலவீனம் இரண்டு. ஒன்று, தேய்த்தால் பரவும். இரண்டு, அழுத்தித் தீட்டிய இடம் பளபளக்கும். போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், நன்றாகக் கருத்த இடமே வெள்ளைத் திட்டாக விழும். பென்சில் படங்களுக்கு பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

வரைந்த பக்கத்தின் மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வையுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் வரையுங்கள். பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

மைக்ரோ டிப் பென்சில்

லெட் போட்டு அழுத்தும் பென்சிலைத்தான் சொல்கிறேன். சீவ வேண்டாம், ஷார்ப்னர் தூளைக் கொட்ட இடம் தேட வேண்டாம். நின்றுகொண்டு வரைபவர்களுக்கு இது பெரிய வசதி. மரப் பென்சில் மழுங்க மழுங்கக் கோடு தடிக்கும். மைக்ரோ டிப்பில் அந்த மாற்றம் குறைவு.

0.5, 0.7, 0.9 என்ற அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். கையில் புத்தகத்தை ஏந்திக்கொண்டு வரையும்போது 0.5 லெட் அடிக்கடி ஒடியும். 0.7 வாங்கி, அதில் 2பி லெட் போடுங்கள். கடையில் 'லெட்' என்று மட்டும் கேட்டால் எச்பி கொடுத்துவிடுவார்கள், 2பி என்று சொல்லிக் கேளுங்கள். முனையில் உள்ள மெல்லிய உலோகக் குழாய் கீழே விழுந்தால் வளைந்துவிடும். அது உள்ளே இழுத்துக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்கினால் சட்டைப் பையும் கிழியாது.

பால் பாயிண்ட் பேனா

எல்லோர் பையிலும் ஒன்று இருக்கும். லாஸ்லோ பிரோ 1938-இல் காப்புரிமை வாங்கிய இந்தப் பேனாவில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டியான மை. முனையில் ஒரு சிறு பந்து உருண்டு அதைத் தாளில் தடவுகிறது. பேனாவில் 0.7 என்று எழுதியிருந்தால் அது பந்தின் அளவு. கோடு அதைவிட மெல்லியதாகத்தான் விழும்.

வரைவதற்கு இது மோசமான கருவி அல்ல. லேசாக ஓட்டினால் மெல்லிய சாம்பல் கோடு, அழுத்தினால் கருப்பு. பென்சிலைப் போலவே நிழல் தீட்டலாம். மழைத்துளி பட்டாலும் பெரும்பாலும் கலையாது. மூடி இல்லாமல் கிளிக் செய்து எழுதும் பேனாவாக இருந்தால் ஒரு கையே போதும்.

குறைகள் என்ன? முதலாவது, முனையில் மை திரண்டு திடீரென்று ஒரு பொட்டு வைத்துவிடும். சிக்குக் கோலத்தில் கோடும் கோடும் வெட்டும் இடத்தில் இந்தப் பொட்டு விழுந்தால், எந்தக் கோடு எங்கே போகிறது என்றே தெரியாது. ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு முனையை அடிக்கடி துடைக்க வேண்டும். இரண்டாவது, லேசான கோடுகள் ஸ்கேனரில் விட்டுப்போகும். மூன்றாவது, சாதாரண பால் பாயிண்ட் மைகளில் சாயம்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும். ஆவணங்களுக்கு ஏற்ற பேனா என்பதற்கு ஐஎஸ்ஓ 12757-2 என்ற தரம் உண்டு. அட்டையில் இந்த எண் இருந்தால் கூடுதல் நம்பிக்கையோடு வாங்கலாம்.

ஜெல் பேனா

ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஐடியா இது. கோடு நல்ல கருப்பாக, சீராக விழும். ஸ்கேனருக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தாளில் உடனே காயாது. வரைந்த கையோடு புத்தகத்தை மூடினால் எதிர்ப் பக்கத்தில் அச்சு விழும். இடது கையால் எழுதுபவர்கள் சொந்தக் கையாலேயே படத்தைத் துடைத்துவிடுவார்கள்.

ஜெல் மை இரண்டு வகை. ஒன்றில் சாயம், மற்றொன்றில் பிக்மென்ட். வித்தியாசம் என்ன? உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறைகிறது. கோலமாவைப் போட்டால் கரையாமல் மிதந்து, பிறகு அடியில் படிகிறது. சாயம் உப்பைப் போல, பிக்மென்ட் கோலமாவைப் போல. தாளில் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் சாயம் மீண்டும் கரைந்து ஓடும். பிக்மென்ட் நார்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். வெயிலையும் அதிக நாள் தாங்கும். அட்டையில் 'பிக்மென்ட் இங்க்', 'வாட்டர் ப்ரூப்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிக்மென்ட் லைனர்

ஓவியர்களும் கார்ட்டூனிஸ்டுகளும் வைத்திருக்கும் மெல்லிய முனைப் பேனா இது. சகுராவின் பிக்மா மைக்ரான், யூனி பின் ஆகியவை பெயர் பெற்றவை. ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. மைக்ரானில் 01 என்று எழுதியிருந்தால் 0.1 மில்லிமீட்டர் என்று நினைத்துவிடுவோம். அப்படி அல்ல. 005 என்பது 0.20, 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50 மில்லிமீட்டர். மேலே போட்ட பிக்சல் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யப்போகிறீர்கள் என்றால் 03 அல்லது 05 வாங்குங்கள். 005 வாங்கினால் 600 டிபிஐ தேவைப்படும்.

கோடு ஒரே அகலம், முழுக் கருப்பு, காய்ந்த பின் தண்ணீருக்கு அசையாது, எளிதில் வெளுக்காது. நான்கு கேள்விகளிலும் இது பாஸ். விலைதான் அதிகம். ஒரு லைனர் விலைக்குப் பல பால் பாயிண்ட் பேனாக்கள் வாங்கலாம். முனை மிருதுவானது. அழுத்தி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் கையில் சீக்கிரம் நசுங்கிவிடும். சொரசொரப்பான தாளும் அதைத் தேய்த்துவிடும். மூடியைப் போட மறந்தால் காய்ந்துவிடும். எனவே இதை வீட்டில் உள்ளவர்கள் பால்காரர் கணக்கு எழுத எடுக்காத இடத்தில் வையுங்கள்!

இங்க் பேனா

கோட்டின் அழகு என்று பார்த்தால் இங்க் பேனாவுக்கு இணை இல்லை. ஆனால் சாதாரண பாட்டில் இங்க் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், படம் போய்விடும். வெளுப்பதும் அதிகம். பிளாட்டினம் கார்பன் பிளாக் போல இங்க் பேனாவுக்கென்றே தயாரான பிக்மென்ட் மைகள் உண்டு. அவற்றைப் போட்டால் பேனாவை நாட்கணக்கில் சும்மா வைக்காமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வப்போது கழுவவும் வேண்டும். ஓவியக் கடையில் விற்கும் இந்தியன் இங்க்கை மட்டும் இங்க் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள அரக்கு போன்ற பொருள் உள்ளே காய்ந்து அடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: அழியும் பேனா

பின்பக்கத்து ரப்பரால் தேய்த்தால் அழியும் பேனாக்கள் வந்திருக்கின்றன. பைலட் நிறுவனத்தின் ப்ரிக்ஸியான் இந்த வகை. உண்மையில் அந்த ரப்பர் மையைச் சுரண்டுவதில்லை. தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில், சுமார் 60 டிகிரி செல்சியஸில், மை நிறமற்றதாகிவிடுகிறது. நம் ஊர்க் கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ் போர்டு மேல் புத்தகத்தை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முழுப் புத்தகமும் வெள்ளையாகிவிடலாம். கடுங்குளிரில், பூஜ்யத்திற்குக் கீழே 10, 20 டிகிரிக்குக் கொண்டுபோனால் நிறம் திரும்பும் என்றாலும், அதை நம்பிப் படம் வரைய முடியாது. கணக்குப் பாடத்திற்குச் சரி. வைத்துக்கொள்ள வேண்டிய படத்திற்கு வேண்டாம்.

முப்பது வருட நோட்டு சொல்லும் பாடம்

பேனாக்களின் ஆயுளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது அம்மாவின் கோல நோட்டு. பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்தது. கல்யாணத்திற்குப் பிறகும் தொடர்ந்தது. எந்தப் பேனா கிடைத்ததோ அதனால் வரைந்திருக்கிறார். அதனால் ஒரே நோட்டில் எல்லா வகை மையும் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டபோது பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

பென்சிலில் வரைந்தவை சற்றுப் பரவியிருந்தாலும் ஒரு கோடு கூடக் குறையவில்லை. நீல பால் பாயிண்ட் மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. ஸ்கெட்ச் பென்னில் வண்ணம் தீட்டியவைதான் பரிதாபம். ரோஸ், ஆரஞ்சு எல்லாம் ஏறக்குறையப் போய்விட்டன. தாளின் பின்பக்கத்திலும் ஊறியிருந்தன. அவையும் தண்ணீரில் கரையும் சாயங்கள்தான்.

ஒரு பக்கம் மட்டும் இங்க் பேனாவால் வரைந்தது. பாட்டி சொல்லச் சொல்ல அம்மா போட்ட சிக்குக் கோலம். மேலே '15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி' என்று எழுதியிருந்தது மட்டும் தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதியில் எப்போதோ தண்ணீர் பட்டிருக்கிறது. கோடுகள் கரைந்து, மஞ்சளான தாளில் வெளிர்நீலக் கறையாக நின்றன. பாட்டி இப்போது இல்லை. அந்தக் கோலத்தின் மிச்சப் பாதி வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவும் நினைவிலிருந்து போட்டுப் பார்த்தார், வளைவு ஓரிடத்தில் சேரவே இல்லை.

அதை மீட்ட முறையைக் கீழே சொல்கிறேன். அது எல்லோருக்கும் பயன்படும்.

ரெட், கிரீன், புளூ: மூன்று கண்ணாடிகள்

ஸ்கேனர் கலரில் படிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைச் சேமிக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கருப்பு வெள்ளையாகப் பார்க்கலாம். இதற்கு ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். 2025-இல் இதன் 3.0 பதிப்பு வந்தது. படத்தைத் திறந்து கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதில் டீகம்போஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். மூன்று லேயர்கள் கொண்ட புதிய படம் திறக்கும். ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துப் பாருங்கள்.

ரெட் லேயரில் நீல மை கருப்பாகத் தெரியும், ஏனெனில் நீல மையில் சிவப்பு வெளிச்சம் குறைவு. மஞ்சளான தாள் வெளுப்பாகத் தெரியும், ஏனெனில் மஞ்சளில் சிவப்பு நிறைய உண்டு. நமக்கு வேண்டியது இதுதானே! பாட்டியின் கோலத்தை இப்படிப் பிரித்தபோது, கண்ணுக்குக் கறையாகத் தெரிந்த இடத்தில் கோட்டின் தடம் தனியாக எழுந்து வந்தது. அதன் மேல் அம்மா விரலை ஓட்டிக் கடைசி வளைவைக் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டில் உள்ள பழைய கடிதங்கள், சமையல் குறிப்புகளுக்கும் இதைச் செய்து பாருங்கள். ஆனால் தடமே இல்லாமல் போன மையை எந்த சாப்ட்வேராலும் கொண்டுவர முடியாது. அதனால்தான் பேனாவை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன்.

நீலப் பென்சில் தந்திரம்

அதே டெக்னிக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு வசதி கிடைக்கும். வெளிர்நீலக் கலர் பென்சிலால் முதலில் லேசாக வரைந்துகொள்ளுங்கள். அதன் மேல் கருப்பு பிக்மென்ட் லைனரால் இறுதிக் கோடு போடுங்கள். ரப்பர் தேவையில்லை. கலரில் ஸ்கேன் செய்து, புளூ லேயரை மட்டும் எடுங்கள். வெளிர்நீலம் அந்த லேயரில் தாளைப் போலவே வெள்ளையாகத் தெரியும், கருப்புக் கோடு மட்டும் நிற்கும். அச்சகங்களில் பிலிம் எடுத்த காலத்திலிருந்தே வெளிர்நீலப் பென்சிலைப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த பிலிமின் கண்ணுக்கு அந்த நீலம் தெரியாது.

கோலம் வரைபவர்களுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. புள்ளிகளை நீலப் பென்சிலிலும் கோட்டைக் கருப்பிலும் போட்டால், புளூ லேயரில் கோலம் மட்டும் வரும். ரெட் லேயரில் புள்ளியோடு சேர்ந்து வரும். ஒரே ஸ்கேனில் இரண்டு படம்!

தாளையும் பாருங்கள்

நல்ல பேனாவும் மோசமான தாளில் ஊறும். நாம் பிரிண்டரில் போடும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். ஸ்கெட்ச் புக்கிற்கு 100 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருந்தால் நல்லது. வழவழப்பான தாள் பேனாவுக்கு, லேசான சொரசொரப்பு பென்சிலுக்கு. புத்தகம் தட்டையாகத் திறக்க வேண்டும். ஆல் இன் ஒன் பிரிண்டர்கள் பலவற்றில் உள்ள சிஐஎஸ் வகை ஸ்கேனர், கண்ணாடியைத் தொடாத பகுதியை மங்கலாகத்தான் படிக்கும். அதனால் நடுத் தையலை ஒட்டி ஒரு சென்டிமீட்டராவது விட்டு வரையுங்கள்.

கடையிலும் வீட்டிலும் ஒரு சோதனை

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் உள்ள எல்லாப் பேனாக்களையும் எடுங்கள். ஒரே தாளில் ஒவ்வொன்றாலும் ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி, ஒரு சிறிய கருப்புக் கட்டம் போடுங்கள். பக்கத்தில் பேனாவின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.

• பத்து விநாடி கழித்து விரலால் தேயுங்கள்.
• ஐந்து நிமிடம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.
• தாளைத் திருப்பி, மை ஊறியிருக்கிறதா என்று பாருங்கள்.
• தாள் காய்ந்ததும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிக் கோடு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.
• கடைசியாகத் தாளை எல்லாக் கோடுகளும் பாதியாகும்படி வெட்டுங்கள். ஒரு பாதியை வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். மறு பாதியைப் புத்தகத்திற்குள் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பேனாவை நம்பலாம் என்று அதுவே சொல்லும்.

ஸ்கேன் செய்யும்போது

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் பேக்ஸ் அண்ட் ஸ்கேன் என்று டைப் செய்து திறங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை என்றால் பிரிண்டரோடு வந்த சாப்ட்வேர் போதும். நியூ ஸ்கேன் கிளிக் செய்து, கலர் பார்மேட்டில் கலர், ரெசல்யூஷனில் 300, பைல் டைப்பில் பிஎன்ஜி என்று வையுங்கள். ஜேபெக் வேண்டாம். அது போட்டோவுக்கு நல்லது, ஆனால் கருப்புக் கோட்டைச் சுற்றிப் புழுதி படிந்தது போல ஆக்கிவிடும்.

ஏ6 பக்கம் 300 டிபிஐயில் 1240 x 1748 பிக்சல்கள். சுருக்காமல் கலரில் சேமித்தால் சுமார் 6.5 எம்பி. 600 டிபிஐ என்றால் நான்கு மடங்கு, அதாவது 26 எம்பி. பிஎன்ஜி இதைச் சுருக்கியே சேமிக்கும். பின்பக்கத்துப் படம் தெரிந்தால், ஸ்கேன் செய்யும் தாளுக்குப் பின்னால் ஒரு கருப்புத் தாளை வையுங்கள்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் போன் கேமராவைப் பயன்படுத்தலாம். ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, உங்கள் நிழல் விழாமல் எடுங்கள்.

பிறகு ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்தால் ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று முக்கோணங்களும் தெரியும். வலது முக்கோணத்தைத் தாள் வெள்ளையாகும் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். இடது முக்கோணத்தைக் கோடு கருப்பாகும் வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். பென்சில் படமானால் கொஞ்சமாக நகர்த்துங்கள், இல்லாவிட்டால் மெல்லிய நிழல்கள் எல்லாம் காணாமல் போய்விடும்.

என் சிபாரிசு

எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்கு:

• செலவு குறைவாக இருக்க வேண்டும்: 2பி பென்சில், ஷார்ப்னர், ஒரு பட்டர் பேப்பர்.
• நின்றுகொண்டு, அவசரமாக வரைபவர்கள்: 0.7 மைக்ரோ டிப் பென்சில், 2பி லெட்.
• கம்ப்யூட்டரில் ஏற்றி வண்ணம் தீட்டுபவர்கள்: 03 அல்லது 05 பிக்மென்ட் லைனர், கூடவே ஒரு வெளிர்நீலப் பென்சில்.
• கையில் பால் பாயிண்ட் மட்டும்தான் இருக்கிறது: கருப்பு மையில், சற்று அழுத்தி வரையுங்கள், அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.
• சிறு குழந்தைகள்: மரப் பென்சில். லைனர் அவர்கள் கையில் ஒரு நாள் கூடத் தாங்காது.

ஸ்கேன் செய்த பைல்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பென் டிரைவில் ஒரு காப்பி, கூகுள் டிரைவ் போன்ற ஓரிடத்தில் ஒரு காப்பி. பைலின் பெயரில் தேதியையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்துவிட்டதே என்று அசல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் பழுதாகும். நல்ல தாளில் நல்ல பென்சிலால் போட்ட கோடு அப்போதும் இருக்கும்.